துண்டு கிடைச்சிருச்சா?

பந்திப்பூர் காட்டு வழியை இரவு 9 மணிக்கு மூடினால், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் பெங்களூரு, மைசூரு பக்கமிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். என் மகன் இந்த விஷயத்தில் இன்னும் கறார். விமானி அல்லவா! “இத்தனை மணிக்கு கூடலூர் பஸ் ஸ்டாண்டுல இருப்பேன்மா” என்று சொன்னால், ஐந்து நிமிடம்கூட முன்னே பின்னே ஆகாது.

அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு போன்கூடப் பண்ணாமல் ஸ்ரீமதுரையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் பெரிய பெட்டி. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

“என்ன தம்பி, லீவா?”

“ஆமாம்மா. கொஞ்ச நாள்.”

தாய்க்குத் தெரியாதா? லீவில் வருகிறவன் யூனிஃபார்மைக் கொண்டு வர மாட்டான். இவன் பெட்டியில் இரண்டு வெள்ளைச் சட்டைகளும், தோளில் மாட்டும் கோடு போட்ட பட்டைகளும் இருந்தன. மூன்றாம் நாள் அவற்றை எடுத்து இஸ்திரி போட்டு, திரும்ப மடித்து வைத்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவனே சொன்னான். “மூணு மாசமா சம்பளம் வரலைம்மா.”

அவன் வேலை பார்த்தது ஒரு சின்ன விமான நிறுவனம். பெயர் வேண்டாம். ஏ.டி.ஆர். என்று சொல்லும், இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் விமானத்தில் இணை விமானி. 70 பேர் உட்காரலாம். சின்ன ஓடுபாதையிலேயே இறங்கிவிடும் என்பதால், பெரிய ஜெட் போகாத ஊர்களுக்கெல்லாம் அதுதான் போகும். “நம்ம ஊர் ஜீப் மாதிரிம்மா. மெயின் ரோட்டுல பஸ் விட்டுட்டுப் போன ஆளுங்களை உள்ளே கொண்டு போய் இறக்குறது நாங்கதான்” என்பான். கூடலூருக்கும் ஸ்ரீமதுரைக்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேல் டிரிப் ஜீப் ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு அதைக் கேட்டால் அவ்வளவு பெருமை.

மூன்று மாதச் சம்பளம் என்பது மற்றவர்களுக்கு எப்படியோ, எங்களுக்கு அது தவணை. ஒரு பிள்ளையை விமானி ஆக்க 50 லட்சம் ரூபாய் போல ஆகிவிடுகிறது. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்க வேண்டும். அது கையில் வந்தாலும் வேலை கிடைக்காது. எந்த விமானத்தை ஓட்டப் போகிறோமோ, அதற்கென்று ‘டைப் ரேட்டிங்’ என ஒரு தனிப் பயிற்சி. அதற்குத் தனியாகப் பல லட்சங்கள்.

எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேயிலை, ஊடே மிளகுக் கொடி. அதை அடமானம் வைக்கலாம் என்றால் பட்டா கிடையாது. கூடலூர் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். ஜென்மம் நிலங்களுக்கு 1969-ல் சட்டம் வந்தது. ஆனால், அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் பட்டா இல்லாமல்தான் இருக்கின்றன. கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி தன் வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்தான். நான் பள்ளிக்கூட ஆசிரியை, பி.எஃப். பணத்தை எடுத்தேன். நகைகளும் போயின. அதனால், மகனுக்குச் சம்பளம் வரவில்லை என்றால் அது அவன் பிரச்சினை மட்டுமல்ல, தம்பி வீட்டுக் கூரையின் பிரச்சினை.

“வேற கம்பெனிக்குப் போயிட வேண்டியதுதானே?” என்றேன்.

“இவ்வளவு ஈஸி இல்லைம்மா” என்றான்.

அப்புறம் பல நாட்கள் அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொழிலின் உள்விவரம் எனக்குப் புரிந்தது. விமான நிறுவனங்கள் பெரும்பாலும் விமானத்தைச் சொந்தமாக வாங்குவதில்லை. வாடகைக்கு எடுக்கின்றன. வாடகை டாலரில், டிக்கெட் காசு ரூபாயில். செலவில் சுமார் 40 சதவீதம் எரிபொருளுக்கே போய்விடும். டாலரும் எண்ணெயும் சேர்ந்து ஏறினால் சின்ன நிறுவனத்துக்கு மூச்சு முட்டும். சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவதற்காக மத்திய அரசு ‘உடான்’ திட்டம் கொண்டு வந்தது. 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் பறந்தது. அதில் ஒரு வழித்தடத்துக்கு அரசு நஷ்டப் பணம் கொடுப்பது 3 வருடங்களுக்குத்தான். அது முடிந்ததும் பல வழித்தடங்கள் நின்றுவிட்டன.

நம் சேலத்தையே பாருங்கள். 1993-ல் சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனம் அங்கே விமானம் விட்டது. கொஞ்ச காலத்தில் நின்றது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் போனது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. அந்த நிறுவனமே பிறகு பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது. அந்த ஓடுபாதை இடம் மாறவில்லை. அதில் இறங்கிய விமானிகளின் சட்டைதான் ஒவ்வொரு முறையும் மாறியது.

மதுரைக்காரர்களின் பாராமவுண்ட் 2005-ல் தொடங்கி 2010-ல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013-ல் வந்து 2017-ல் போனது. நமக்குப் பக்கத்தில், கோவையிலிருந்து 2016 ஜூலையில் ஏ.டி.ஆர். விமானத்தோடு தொடங்கிய ஏர் கார்னிவல் அடுத்த வருடமே நின்றது. ‘சூரரைப் போற்று’ படத்தை நாங்கள் குடும்பத்தோடு பார்த்துக் கண்கலங்கினோம். படம் வெற்றியோடு முடிந்துவிடும். ஆனால், அந்தக் கதைக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், பின்னால் கிங்ஃபிஷரோடு சேர்ந்தது. அந்த கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் தரையில் நின்றது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் விமானிகளும் இன்ஜினீயர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

சரி, மாறுவதில் என்ன கஷ்டம்? என் வீட்டுக்காரர் கேட்டதும் அதேதான். “கேரளா வண்டியா இருந்தா என்ன, தமிழ்நாடு வண்டியா இருந்தா என்ன? கிளட்ச் ஒண்ணுதானே?”

அப்படி இல்லையாம். ஏ.டி.ஆர். ஓட்டுகிறவர் ஏர்பஸ் ஓட்ட வேண்டும் என்றால், மறுபடி டைப் ரேட்டிங், மறுபடி மாதக்கணக்கில் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு ஈடாக ‘இத்தனை வருஷம் இங்கேதான் வேலை பார்ப்பேன்’ என்று பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, சீனியாரிட்டி. ஆசிரியர்களான நாங்கள் பள்ளிக்கூடம் மாறினாலும் எங்கள் சர்வீஸ் கூடவே வரும். விமானிக்கு வராது. புது நிறுவனத்தில் சேரும் நாள்தான் அவருக்கு முதல் நாள். அதுவரை எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் வரிசையில் கடைசி. கேப்டன் ஆவது, நல்ல ஊரில் போஸ்டிங், தீபாவளிக்கு லீவு எல்லாமே அந்த வரிசைப்படிதான்.

சும்மா வீட்டில் உட்காரவும் முடியாது. 90 நாட்களுக்குள் 3 முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை திறமைச் சோதனை. வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. சம்பளம் வராத நாட்களில் கடன் ஒரு பக்கம் ஓடுகிறது, லைசென்ஸின் கடிகாரம் இன்னொரு பக்கம் ஓடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேல் நோட்டீஸ். 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதிப்படி, இணை விமானி வேலையை விட வேண்டுமென்றால் 6 மாதம் முன்பே சொல்ல வேண்டும். கேப்டன் என்றால் ஒரு வருடம். பழைய நிறுவனம் ‘ஆட்சேபனை இல்லை’ என்று என்.ஓ.சி. கொடுத்தால்தான் அதற்கு முன்னால் போகலாம்.

மகனுக்கு வேறொரு நிறுவனத்தின் வேலைக் கடிதம் கையில் இருந்தது. 45 நாளில் வந்து சேர வேண்டும். பழைய நிறுவனமோ என்.ஓ.சி. தர மறுத்தது. கூட இருந்த இரண்டு பேர் ஒரு நள்ளிரவில் மெயிலில் ராஜினாமாவை அனுப்பிவிட்டு, போனை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவன் இவனுக்கு நெருங்கிய நண்பன். “நீயும் வந்துடு மச்சான். சம்பளம் தராதவன் என்ன கேஸ் போடப் போறான்?” என்று மெசேஜ் போட்டிருந்தான்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அதையேதான் சொன்னேன். “போயிடு தம்பி. அவங்க மூணு மாசம் சோறு போடலை. நீ ஆறு மாசம் உழைக்கணுமா?”

என் வீட்டுக்காரர்தான் குறுக்கே பேசினார். “முதலாளி காசு தரலைன்னா சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா, ஆளை ஏத்திட்டு நாடுகாணி இறக்கத்துல வண்டியை நிறுத்திட்டு எறங்கிப் போகக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால், அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பது எங்கள் வீட்டுக்கே தெரியும். அதற்கு முந்தின வருடம் என் நாத்தனார் மகள் சென்னையில் ஒரு நர்ஸ் வேலை இன்டர்வியூவுக்குப் போக டிக்கெட் போட்டிருந்தாள். வெளிநாட்டு வேலை. விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, விமானம் ரத்து என்றார்கள். “பைலட் இல்லையாம் அத்தை” என்று போனில் அழுதாள். அந்த வேலை போனது போனதுதான். அன்றைக்கு நான் அந்த முகம் தெரியாத விமானியைத் திட்டினேன். இன்றைக்கு என் மகனை ‘போய்விடு’ என்கிறேன்.

இப்படி ஒரு சம்பவம் நாடு முழுக்கப் பேசப்பட்டதும் உண்டு. 2023-ல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகினார்கள். விமானங்கள் ரத்தாகின. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. அதே வருடம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் தானாகவே திவால் மனு போட்டுப் பறப்பதை நிறுத்தியது. அங்கே விமானிக்கு யாரும் 6 மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை. விமானி போனால் அது ஒழுங்கீனம், நிறுவனம் போனால் அது தொழில் நஷ்டம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சம்பளம் விமானிக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்றும் நினைக்காதீர்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்கு அருகில் கோல்கன் ஏர் என்ற சின்ன நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதுவும் விசிறி விமானம்தான். இணை விமானி ஓர் இளம்பெண். முந்தின இரவு நாட்டின் மறுகோடியிலிருந்து, சியாட்டிலிலிருந்து, வேறு விமானங்களில் பயணம் செய்து வந்து வேலையில் ஏறியிருந்தார். சின்ன நிறுவன விமானிகளின் குறைந்த சம்பளமும் களைப்பும் அந்த விசாரணையில்தான் வெளியே பேசப்பட்டன. என் மகன் அதைச் சொல்லிவிட்டு, “மனசுல இ.எம்.ஐ. ஓடிட்டிருந்தா ஓடுபாதை தெரியாதும்மா” என்றான். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனையையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என் அப்பா. வயது 83. இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, எங்களைப் போன்றவர்களுக்காகவே 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர். அதைத்தான் இன்று டான்டீ என்கிறோம்.

“என்ன, இவனுக்குத் துண்டு குடுக்க மாட்டேங்கிறானா?” என்றார் அப்பா.

மகனுக்குப் புரியவில்லை. அப்பா சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், தோட்டத்திலிருந்து ‘துண்டு’ வாங்க வேண்டும். ‘இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன். அதைக் கட்டினால் விடுவிக்கிறோம்’ என்று எழுதிய சின்னக் காகிதம். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, பழைய தொரையிடமிருந்து புதுத் தொரைக்கு மாறும், அவ்வளவுதான். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

“துண்டு இல்லாம வேற தோட்டத்துல பேர் பதிய ஏலாது. எங்க தாத்தா ஒரு ராத்திரி லயத்தை விட்டு ஓடப் பார்த்தாராம். கங்காணி புடிச்சுட்டு வந்துட்டான்” என்றார் அப்பா.

மகன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “அதுவும் இதுவும் ஒண்ணு இல்லை தாத்தா. எனக்கு வேலையை விட உரிமை இருக்கு. நோட்டீஸ் எதுக்குன்னா, எனக்குப் பதிலா ஒருத்தரைத் தயார் பண்ண டைம் வேணும். இல்லைன்னா டிக்கெட் வாங்கினவங்க நடுவுல நிப்பாங்க.”

“சரி. அப்ப சம்பளம்?” என்றார் அப்பா.

அதற்கு அவனிடம் பதில் இல்லை.

லயத்தில் கிடந்த கூலியையும் ஒரு விமானியையும் நானும் ஒன்றாகச் சொல்ல மாட்டேன். என் மகனுக்குக் கிடைக்கும் மரியாதை என் முன்னோர்கள் கனவிலும் காணாதது. ஆனால், கடனை வைத்து ஆளைக் கட்டுவதும், ‘போகலாம்’ என்று ஒருவர் காகிதம் கொடுத்தால்தான் போக முடியும் என்பதும் அப்பாவின் காதில் பழைய சத்தமாகக் கேட்டிருக்கிறது.

மகன் முடிவெடுக்க இரண்டு நாள் ஆனது. பகலில் என்னோடு கொழுந்து எடுத்தான். இரவில் மொட்டை மாடியில் நடந்தான். மூன்றாம் நாள் முறைப்படி ராஜினாமா எழுதி அனுப்பினான், 6 மாத நோட்டீஸோடு. புது நிறுவனத்திடம் அவகாசம் கேட்டான். அவர்கள் ‘பார்க்கலாம்’ என்று மட்டும் பதில் போட்டார்கள். மீண்டும் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. பழைய நிறுவனம் ஒரு மாதம் பாதிச் சம்பளம் தந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வாடகை கட்டாததால் விமானங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. நான்காவது மாதம், ஓட்டுவதற்கு ஒரு விமானம்கூட இல்லாமல் போனபோது, கேட்காமலே எல்லோருக்கும் என்.ஓ.சி. அனுப்பிவிட்டார்கள். அதற்குள் கையிலிருந்த வேலைக் கடிதம் காலாவதியாகிவிட்டது.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். தம்பி வீட்டுக்கு பேங்க் நோட்டீஸ் வந்தது. தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால், அவன் மனைவி எங்களோடு பேசுவதை நிறுத்தினாள். அதில் தப்பு என்ன இருக்கிறது? வீட்டுக்காரர் ஜீப்பை விற்றார். நான் மாலையில் டியூஷன் எடுத்தேன். சோதனைகளுக்கும் மெடிக்கலுக்கும் மட்டும் எப்படியோ பணம் புரட்டி, லைசென்ஸ் உயிர் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

பிறகு ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஏர்பஸ். மறுபடி பயிற்சி, மறுபடி பாண்டு, வரிசையில் கடைசி. அன்று நள்ளிரவில் மெயில் போட்டுவிட்டுப் போன நண்பனும் இப்போது அதே நிறுவனத்தில்தான் இருக்கிறான். இவனுக்குப் பல மாதங்கள் சீனியர். கேப்டன் பதவிக்கு அவன்தான் முன்னால் போவான். இருவரும் இன்னும் நண்பர்கள்தான். “அவன் செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்மா. அவன் அப்பாவுக்கு அப்ப ஹார்ட் ஆபரேஷன்” என்றான் மகன். நிலுவைச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. அதைக் கலைத்துச் சொத்துகளை விற்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில். அத்தனை வருடம் அங்கே வேலை பார்த்தவர்கள் காத்திருந்தார்கள் என்றால், எங்கள் பணம் எந்த மூலைக்கு?

மகன் செய்தது சரியா? தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அன்றே போயிருந்தால் ஜீப் மிஞ்சியிருக்கும். ஆனால், அவன் கடைசியாக ஓட்டிய விமானத்தில் இருந்த அத்தனை பேரும் போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதில் என் நாத்தனார் மகளைப் போல ஒருத்தி இருந்திருக்கலாம்.

பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு ஆசிரியையாகச் சொல்கிறேன். பயிற்சிக்கான பணத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஒரு வருடத் தவணையைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். பாண்டு காகிதத்தைக் கையெழுத்துக்கு முன்னால் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். அதில் எத்தனை வருடம், எவ்வளவு தொகை, நிறுவனமே நின்றுபோனால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேளுங்கள். சம்பளம் முதல் மாதம் தாமதமானாலே வீட்டில் சொல்லும்படி பிள்ளையைப் பழக்குங்கள். என் மகன் மூன்று மாதம் தனியாகச் சுமந்தான். அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

புது வேலையில் சேரப் போகும் முன் மகன் அந்த என்.ஓ.சி.யை கூடலூரில் பிரிண்ட் எடுத்து வந்தான். திண்ணையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். “துண்டு கிடைச்சிருச்சா?”

“கிடைச்சிருச்சு தாத்தா.”

அப்பா அதைக் கையில் வாங்கினார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கீழே சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்து, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டைக்குக் கீழே ஒரு காப்பியை வைத்தார்.

“இருக்கட்டும். எப்பயாவது கேப்பாங்க” என்றார்.